படச்சுருளின் ஓரத்தில் ஒரு குரல்

1933இல் லண்டனை ஒட்டிய டுவிக்கன்ஹாம் ஸ்டூடியோவில் ‘தி கோஸ்ட் கேமரா’ என்ற சின்ன பட்ஜெட் கொலைப் படம் எடுத்தார்கள். இயக்கம் பெர்னார்ட் வோர்ஹாஸ்; படத்தொகுப்பு, பின்னாளில் பெரும் இயக்குநரான டேவிட் லீன். எப்படியோ கைக்கு வந்த ஒரு கேமராவின் படத்தைக் கழுவிப் பார்த்தால், உள்ளே ஒரு கொலை. இதைவிட எனக்கு வியப்பு, அந்தப் படத்தில் கேட்கும் குரல்களும் அதே போலக் கழுவி எடுத்த புகைப்படங்கள்தான் என்பது.

1927ஆம் ஆண்டுச் சட்டம், பிரிட்டிஷ் படங்களைக் குறிப்பிட்ட அளவு திரையிட்டே ஆக வேண்டும் என்றது. அந்தக் கணக்கை நிரப்ப, படச்சுருளில் அடி ஒன்றுக்குச் சுமார் ஒரு பவுண்டு என்று பேசி மளமளவென்று படம் பிடித்தார்கள். ஒரு நொடிக்கு ஓடுவது 24 சட்டகம் (ஃபிரேம்), அதாவது ஒன்றரை அடிச் சுருள்.

சரி, குரல் எப்படிப் படமாகிறது? மைக்கில் விழுந்த பேச்சு மின்சாரமாகி ஒரு குட்டிக் கண்ணாடியை அதிர வைக்கிறது. அதில் பட்டுத் தெறிக்கும் ஒளி, ஓடும் படச்சுருளின் ஓரத்தில் மலைமுகடு போல ஒரு கோட்டை வரைகிறது. தியேட்டரில் இதுவே தலைகீழாக நடக்கும். விளக்கொளி மெல்லிய பிளவு வழியே அந்தக் கோட்டைத் துளைத்து ஒளிமின்கலத்தில் விழும். ஒளி கூடிக் குறைய, மின்சாரமும் கூடிக் குறையும், ஒலிபெருக்கி பேசும். நொடிக்கு 5,000 அதிர்வு கொண்ட ஒலிக்குச் சுருளில் கிடைப்பது அலைக்கு 0.09 மில்லிமீட்டர்தான். பிளவு கொஞ்சம் அகன்றாலே ‘ஸ’ மழுங்கிவிடும். அந்தக் காலப் படங்களில் வசனம் போர்வைக்குள்ளிருந்து வருவது போல இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

படத்துக்குரிய ஒலி அதன் பக்கத்திலேயே இருக்காது. லென்ஸின் முன்னால் சுருள் நின்று நின்று நகர வேண்டும். ஒலிக்கோ ஒரே சீராக ஓட வேண்டும். அதனால் ஒலியைச் சுமார் 20 சட்டகம் முன்னால் தள்ளி அச்சிட்டார்கள். அறுந்த சுருளை வெட்டி ஒட்டினால் முதலில் முகம் துள்ளும், சுமார் 0.8 நொடி கழித்துத்தான் பேச்சு துள்ளும்.

அப்புறம், ஒட்டிய இடம் ‘டப்’பென்று வெடிக்கும். அதற்கு ஒலிக்கோட்டின் மேல் கறுப்பு மையால் ஒரு முக்கோணம் தீட்டுவார்கள். ஒளி மெல்லக் குறைந்து மெல்ல ஏறும். காதுக்கு ஒன்றுமே தெரியாது.