காடை தின்ற மஞ்சள் எங்கே போகிறது?

சாயங்காலமானால் ரங்கூன் தெருவோரங்களில் குழிச்சட்டி சூடேறிவிடும். நம் வீட்டுப் பணியாரச் சட்டிதான், கொஞ்சம் பெரிசு. அரிசிமாவை ஊற்றி, மேலே காடை முட்டையை உடைத்துவிட்டு, வெந்ததும் இரண்டு பாதிகளை ஒன்றோடொன்று ஒட்டிக் கொடுப்பார்கள். பர்மியில் பெயர் மொண்லின்மயா. புருஷன் பெண்டாட்டிப் பலகாரம் என்று அர்த்தம்.

இந்தக் கடைகளுக்கு முட்டை கொடுக்கும் தமிழ் அக்கா ஒருவர், ரங்கூனுக்கு ஆற்றின் அக்கரையில் தன்லியின் என்ற ஊர்ப் பக்கம் காடைக் கூண்டு வைத்திருக்கிறார். நான் போனபோது தீவனத்தில் மஞ்சள்தூளைக் கைநிறைய அள்ளிப் போட்டுப் பிசறிக்கொண்டிருந்தார்.

"என்னக்கா, காடைக்குக் குழம்பா?"

"கரு நல்லா மஞ்சளா வரும்னாங்க தம்பி."

வராது. வந்தாலும் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது. மஞ்சள் கருவுக்கு நிறம் கொடுப்பது லூட்டின் போன்ற கரோட்டினாய்டுகள், செடிகளில் இருக்கும் நிறப்பொருள்கள். பறவையால் அவற்றைத் தானாகச் செய்துகொள்ள முடியாது. மஞ்சள் சோளம், கீரை, செண்டுமல்லி இதழ் என்று தின்றுதான் சேர்க்க வேண்டும். மஞ்சள்தூளின் நிறம் குர்குமின், அது வேறு சாதிப் பொருள்.

அப்படியானால் மஞ்சள் வீண்தானா? இல்லை. அது வேலை செய்கிற இடம் வேறு, ஈரல்.

மஞ்சள் கரு சூலகத்தில் வளர்ந்தாலும் அதற்கான சரக்கு தயாராவது ஈரலில்தான். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் உத்தரவு போட்டதும் ஈரல் கொழுப்பையும் வைட்டெல்லோஜெனின் என்ற புரதத்தையும் செய்து ரத்தத்தில் அனுப்பும். சூலகம் வாங்கி அடுக்கிக்கொள்ளும். காடை முட்டை சுமார் 10 கிராம், காடையோ 150 கிராம் அளவு. 50 கிலோ எடையுள்ள ஒருத்தி ஏறக்குறைய தினமும் மூன்று கிலோவுக்கு மேல் பிள்ளை பெற்றால் எப்படியோ அப்படி. இவ்வளவு கொழுப்பை ஓயாமல் கையாளும் ஈரலில், அந்தக் கொழுப்பு ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டு, செல்களை அரிக்கும். இங்கே மார்ச், ஏப்ரல் வெயிலில் காடை வாய்திறந்து மூச்சிரைக்கும்போது இந்த அரிப்பு இன்னும் கூடும்.

குர்குமின் தண்ணீரில் கரையாது. தின்றதில் பெரும்பகுதி எச்சத்தோடு போய்விடும். ஆனால் குடலில் உறிஞ்சப்படுகிற கொஞ்சநஞ்சமும் ரத்தத்தோடு முதலில் போய்ச் சேருவது ஈரலுக்கு. அங்கே ஆக்சிஜனேற்றத்தை மட்டுப்படுத்தும், பித்தம் சுரக்கவும் உதவும். இந்தோனேசியாவில் காடைகளுக்கு நாளொன்றுக்கு 54 மில்லிகிராம் வரை மஞ்சள்தூள் கொடுத்துப் பார்த்தார்கள்; வைட்டெல்லோஜெனின் கூடியதாகத் தெரிந்தது. எல்லா ஆய்விலும் இவ்வளவு தெளிவான பலன் கிடைப்பதில்லை. எனக்குத் தோன்றுவது, நல்ல நிலையில் இருக்கும் காடையைவிட வெயிலில் வாடும் காடைக்குத்தான் இதனால் லாபம் அதிகம்.

54 மில்லிகிராம் என்பது ஒரு சிட்டிகைகூட இல்லை. காடை நாளுக்கு 20 முதல் 25 கிராம் தீவனம் தின்னும். கணக்குப் பார்த்தால் ஒரு கிலோ தீவனத்துக்கு இரண்டரை கிராம், அதாவது ஒரு டீஸ்பூன்கூட நிறையாது. இதைச் சொன்னதும் அக்கா தன் கையைப் பார்த்தார். கூண்டுக்கு அடியில் இருந்த தகரத் தட்டை இழுத்துக் காட்டினேன். எச்சமெல்லாம் மஞ்சள்.

"காசு இங்கதான் கிடக்கா?"

இன்னொன்றும் சொன்னேன். முட்டையிடும் காடைக்கு 14 மணி நேரத்துக்குக் குறையாமல் வெளிச்சம் வேண்டும். பொழுது சாய்ந்ததும் கரண்ட் போய்விட்டால் சூலகத்தை உசுப்பும் ஹார்மோன் குறையும், முட்டையும் குறையும். மஞ்சளால் அதை ஈடுகட்ட முடியாது. அக்கா பேட்டரி விளக்கு வாங்கக் காசு சேர்க்கிறாராம்.

கோழி போலக் காலையில் இல்லாமல், காடை பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல்தான் முட்டையிடும். நான் கிளம்பும் நேரம் சரிவான கம்பியில் ஒன்று உருண்டு வந்தது. அக்கா அதை எடுத்துத் தட்டில் உடைத்தார். கரு எப்போதும் போல வெளிறித்தான் இருந்தது. அவர் விரல்தான் மஞ்சள்.

"சரி, நாளையிலிருந்து சோளத்தைக் கூட்டுறேன்" என்றார்.