இரண்டு முனையும் பொருந்துகிறது, படம் ஏன் போகவில்லை?

சாவகச்சேரிப் பக்கம் கலியாண வீடுகளில் படம் எடுக்கும் ஒரு தம்பி போன கிழமை கேட்டு எழுதியிருந்தார். "அண்ணா, என்ரை கமராவிலையும் டைப்-சி, புதுசா வாங்கின எஸ்எஸ்டியிலையும் டைப்-சி. ஒரே வயரை ரெண்டிலையும் கொளுவினால் கச்சிதமாப் பொருந்துது. ஆனா ஒண்டும் நடக்குதில்லை, எஸ்எஸ்டியிலை லைட் கூட எரியுதில்லை. மண்டபத்திலை லப்டொப்பை விரிச்சு வைக்க இடமும் இல்லை. நேரே படத்தை ஏத்த ஏலாதோ?"

தம்பி, வயரில் பிழையில்லை, படங்களைச் சேமிக்கும் அந்தக் கையடக்க எஸ்எஸ்டியிலும் பிழையில்லை. இரண்டுமே பேசத் தெரிந்த கருவிகள்தான். ஆனால் யாராவது கேட்டால் மட்டுமே வாய் திறக்கும். நீங்கள் கொளுவிய வயரில் கேட்பதற்கு ஆளில்லை.

நீங்கள் கொளுவியது யூஎஸ்பி வயர், டைப்-சி என்பது அதன் முனையின் வடிவம். யூஎஸ்பியின் முதல் விதிமுறை 1996 இல் வந்தது. இன்டெல், மைக்ரோசொஃப்ட், ஐபிஎம் உட்பட ஏழு நிறுவனங்கள் சேர்ந்து செய்த வேலை அது. இன்டெல்லில் அதற்கு முன்னின்றவர்களில் ஒருவர் இந்தியாவில் பிறந்த அஜய் பட். மவுஸ், கீபோர்ட் போன்ற சாமான்கள் மலிவாக இருக்க வேண்டும் என்பது அவர்களுக்கு முக்கியம். அதனால் மூளை முழுவதையும் கணினிப் பக்கம் வைத்தார்கள். கணினி ஹோஸ்ட், மற்றவை எல்லாம் டிவைஸ். பேச்சைத் தொடங்கும் உரிமை ஹோஸ்ட்டுக்கு மட்டும். கார்டு நிரம்ப 2,000 படம் இருந்தாலும் கமரா தானாக ஒரு சொல் சொல்லாது.

பழைய வயர்களில் இந்த ஏற்பாட்டை முனையின் வடிவமே காத்தது. தட்டையான ஏ முனை ஹோஸ்ட்டுக்கு, சதுரமான பி முனையும் அதன் சிறிய வகைகளும் டிவைஸுக்கு. இரண்டு டிவைஸை ஒன்றோடொன்று கொளுவ வயரே கிடைக்காது. டைப்-சி வந்ததும் அந்தக் காவல் போய்விட்டது, இரண்டு முனையும் ஒரே அச்சு. அதற்குப் பதிலாக உள்ளே 5.1 கிலோ ஓம் தடை ஒன்றை வைத்தார்கள். டிவைஸாக இருப்பது அந்தத் தடையின் வழியே ஒரு சின்னக் கம்பியைக் கிரவுண்டுக்கு, அதாவது பூச்சிய வோல்ட்டுக்கு, கீழே இழுத்து வைக்கும். ஹோஸ்ட் அதே கம்பியை மின்னழுத்தப் பக்கம் மேலே இழுத்து வைத்துக் காத்திருக்கும். மறுபக்கத்தில் 5.1 கிலோ ஓமைக் கண்டால்தான் 5 வோல்ட் மின்சாரத்தைத் திறந்துவிடும். உங்கள் கமராவும் எஸ்எஸ்டியும் இரண்டுமே கீழே இழுத்து வைத்திருக்கின்றன, மேலே இழுக்க ஒருவருமில்லை. ஆகவே மின்சாரம் திறக்கவில்லை. எஸ்எஸ்டிக்குள் பற்றரி இல்லாததால் லைட்டும் எரியவில்லை.

சரி, கேட்பதற்கு ஒருவர் வந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது வயருக்குள் நடப்பதைத்தான் எனக்கு விரிவாகச் சொல்ல ஆசை. படம் எப்படிக் கார்டில் கோப்பாகிறது, ஃபோல்டர் எப்படி அமைகிறது என்பதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், அதை விடுவோம்.

ஒரு ரோ படம், அதாவது கமரா சுருக்கித் திருத்தாமல் வைக்கும் மூலப்படம், 25 மெகாபைட் என்று எடுப்போம். யூஎஸ்பி 2.0 அதை 512 பைட் துண்டுகளாக அனுப்பும், ஏறத்தாழ 49,000 துண்டுகள். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தனிச் சம்பாஷணை உண்டு. ஹோஸ்ட் முதலில் "இந்த இலக்கமுள்ள கருவியே, கொடு" என்று ஒரு குட்டிச் செய்தி அனுப்பும். கார்டிலிருந்து இன்னும் வாசித்து முடியாவிட்டால் கமரா "இன்னும் இல்லை" என்று சொல்லும். ஹோஸ்ட் கோபிக்காது, திரும்பக் கேட்கும். துண்டு தயாரானால் கமரா அதை அனுப்பும், கூடவே 16 பிட் சரிபார்ப்பு எண் ஒன்றையும் ஒட்டிவிடும். வகுத்தல் கணக்கில் மிச்சம் பார்ப்பது போன்ற எண் அது. ஹோஸ்ட் தன் பக்கத்தில் அதே கணக்கைச் செய்து பார்க்கும். பொருந்தினால் "சரி" என்று பதில் அனுப்பும். பொருந்தாவிட்டால் பேசாமல் இருந்துவிடும். "சரி" வராததைக் கண்ட கமரா, அடுத்த முறை கேட்கும்போது அதே துண்டையே திரும்பக் கொடுக்கும்.

இங்கே ஒரு ஓட்டை இருக்கிறது. துண்டு நல்லபடி வந்து சேர்ந்து, அந்த "சரி" மட்டும் வழியில் தொலைந்தால்? கமரா துண்டு சேரவில்லை என்று நினைத்து மறுபடி அனுப்பும். ஹோஸ்ட் அதைப் புதிய துண்டு என்று நினைத்து எழுதிவிட்டால் கோப்பில் 512 பைட் இரட்டிப்பாகி, அதற்குப் பிறகு உள்ளதெல்லாம் இடம் மாறிவிடும். மணப்பெண்ணின் கழுத்துக்குக் கீழே நிறங்கள் குழம்பிப்போன படம்தான் மிஞ்சும்.

சின்ன வயதில் இந்த ஓட்டையை நானே அனுபவித்திருக்கிறேன். அப்பாவுக்குக் கடை இருந்தது. இரவில் அவர் கடன் கொப்பியைப் பார்த்து வாசிக்க, நான் பெரிய கொப்பியில் எழுதுவேன். "சீனி 2 கிலோ" என்பார், எழுதிவிட்டு "சரி" என்பேன். வீதியில் லொறி போகும் சத்தத்தில் என் "சரி" அவருக்குக் கேட்காது, திரும்ப "சீனி 2 கிலோ" என்பார். இது முந்தியதா, வேறொருவர் வாங்கிய இன்னொரு 2 கிலோவா? இரண்டு பேருக்கும் இதில் அடிக்கடி வாக்குவாதம் வரும்.

யூஎஸ்பி இதை ஒரே ஒரு பிட்டால் தீர்த்துவிட்டது. துண்டுகளுக்கு மாறி மாறி 0, 1, 0, 1 என்று அடையாளம் வைக்கிறது, அவ்வளவுதான். ஹோஸ்ட் 0 வாங்கிவிட்டால் அடுத்து 1 ஐ எதிர்பார்க்கும். மறுபடி 0 வந்தால், "ஓகோ, என் சரி போய்ச் சேரவில்லை" என்று விளங்கிக்கொண்டு, துண்டை எறிந்துவிட்டுத் திரும்பவும் "சரி" அனுப்பும். அப்பா ஒரு வரிக்கு "இடம்", அடுத்த வரிக்கு "வலம்" என்று சொல்லியிருந்தால் எங்களுக்குள் ஒரு சண்டையும் வந்திருக்காது. ஒவ்வொரு துண்டுக்கும் நீண்ட வரிசை எண் வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். வேண்டாம். ஒரு துண்டுக்குச் "சரி" கிடைக்காமல் அடுத்தது புறப்படுவதே இல்லை. ஆகவே சந்தேகம் எப்போதும் "இதுவா, இதற்கு முந்தியதா" என்ற இரண்டுக்குள்தான், அதற்கு ஒரு பிட் போதும். விதிமுறைப்படி விநாடிக்கு 104,000 துண்டுகள் வரை இப்படிப் போகலாம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

யூஎஸ்பி 3 இல் ஆட்டம் கொஞ்சம் மாறியது. துண்டு 1,024 பைட் ஆனது. ஒரு "சரி"க்குக் காத்திராமல் பல துண்டுகளை அடுத்தடுத்து அனுப்பலாம், அதனால் 0 முதல் 31 வரை வரிசை எண் தேவைப்பட்டது. "இன்னும் இல்லை" என்று சொன்ன கருவி, தயாரானதும் தானே அறிவிக்கவும் வழி வந்தது. ஆனாலும் ஹோஸ்ட் ஹோஸ்ட்தான், டிவைஸ் டிவைஸ்தான்.

இந்த ஒற்றைப் பிட் யோசனை யூஎஸ்பிக்காரர்களுடையது அல்ல. பிரித்தானியாவின் தேசிய பௌதிக ஆய்வுகூடத்தைச் சேர்ந்த மூவர் 1969 இல் ஒரு சிறு குறிப்பாக வெளியிட்டது. அப்போது டிஜிட்டல் கமரா என்ற ஒன்றே கிடையாது. அரச பணத்தில், உடனடி லாபம் எதுவும் கேட்கப்படாத இடத்தில் பிறந்த கணக்கு, 27 வருடம் கழித்து வீட்டு மேசைக்கு வந்தது. இலங்கை ஆராய்ச்சிக்கு ஒதுக்கும் பணம் தேசிய உற்பத்தியில் ஒரு வீதத்தைக்கூட எட்டுவதில்லை. "இதனால் இப்போது என்ன பிரயோசனம்" என்று கேட்டு ஆய்வை வெட்டுபவர்களிடம் இந்த 1969 ஆம் ஆண்டுக் குறிப்பைக் காட்ட வேண்டும் போலிருக்கும்.

இன்னொரு விஷயமும் எனக்குப் பொறுக்காது. தங்க முலாம் பூசிய வயரில் ஏற்றினால் படம் "கிளியராக" வரும் என்று ஒரு கடையில் என்னிடமே சொல்லி, மூன்று மடங்கு விலை கேட்டார்கள். கண்ணூறு கழிக்கக் கமராவில் கறுப்பு நூல் கட்டுவதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. சரிபார்ப்பு எண் பொருந்தினால் துண்டு அப்படியே ஏறும், பொருந்தாவிட்டால் திரும்ப வரும். மங்கலாக வருவது என்று ஒரு நிலை இதில் இல்லை. மோசமான வயரால் வேகம் குறையும், இணைப்பு அறுந்து போகும், அவ்வளவுதான். வயருக்குக் கொடுக்கும் காசை இரண்டாவது எஸ்எஸ்டிக்குச் சேருங்கள். 1995 இல் போரால் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறிய இடப்பெயர்வில் நாவற்குழிப் பாலம் தாண்டி உங்கள் ஊர்ப்பக்கம் வந்த சனத்தில் எத்தனை குடும்பம் கலியாண அல்பத்தை வீட்டிலேயே விட்டு வந்தது என்று பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் அம்மாவின் கலியாணப் படம் ஒன்றுகூட இல்லை. ஸ்டூடியோவில் நெகட்டிவும் தப்பவில்லை.

இனி உங்கள் மண்டபத்துக்கு வருவோம். கேட்கும் ஆள் உங்கள் சட்டைப் பையிலேயே இருக்கிறார். 2001 இல் யூஎஸ்பி ஓடிஜி என்ற சேர்க்கை வந்தது, தேவைக்கேற்ப ஹோஸ்ட்டாக மாறும் திறமையைச் சிறிய கருவிகளுக்குக் கொடுத்தது அதுதான். பழைய ஃபோன்களுக்கு விற்ற குட்டி ஓடிஜி வயருக்குள் ஐடி என்ற கூடுதல் பின் கிரவுண்டோடு தொடுக்கப்பட்டிருக்கும். அதைக் கண்டதும் "இங்கே நான்தான் ஹோஸ்ட்" என்று ஃபோன் விளங்கிக்கொள்ளும். இப்போதைய டைப்-சி ஃபோன் அதையே தடையைப் பார்த்துத் தீர்மானிக்கிறது. நேரே எஸ்எஸ்டியில் எழுதும் கமராக்களும் உண்டு, 2019 இல் வந்த சிக்மா எஃப்பி அப்படி ஒன்று. அதற்குள் ஹோஸ்ட் வேலை செய்யும் பகுதியையும் வைத்திருக்கிறார்கள்.

உங்களுக்குத் தேவை தனியாக மின்சாரம் கொடுக்கக்கூடிய ஒரு சின்ன யூஎஸ்பி ஹப்பும் (ஒரு துளையைப் பல துளையாக்கும் பெட்டி) ஒரு கார்டு ரீடரும். ஹப்பை ஃபோனில் கொளுவி, அதற்குப் பவர் பேங்கிலிருந்து மின்சாரம் கொடுங்கள், இரண்டு கருவிகளை ஃபோன் தனியே தாங்காமல் போகலாம். கமராவைக் கொளுவாமல் கார்டைக் கழற்றி ரீடரில் போடுவது நல்லது, கமராப் பற்றரி மிச்சமாகும். ஃபோனின் ஃபைல்ஸ் செயலியில் கார்டும் எஸ்எஸ்டியும் தனித்தனியாகத் தெரியும். "மூவ்" கொடுக்க வேண்டாம், "கொப்பி" மட்டும் கொடுங்கள்.

முடிந்தது என்று திரையில் வந்ததும் வயரைப் பிடுங்கிவிடாதீர்கள். நான் இவ்வளவு புகழ்ந்த அந்தச் "சரி" துண்டு வயரைத் தாண்டியதற்கு மட்டும்தான் சாட்சி. கடைசிச் சில மெகாபைட்டுகள் இன்னும் ஃபோனின் நினைவகத்திலோ எஸ்எஸ்டியின் தற்காலிக நினைவிலோ நிற்கலாம். "இஜெக்ட்" கொடுத்து, எஸ்எஸ்டியின் லைட் மினுங்கி ஓயும்வரை பொறுங்கள். அப்புறம் எஸ்எஸ்டியைத் திரும்பக் கொளுவி, தாலி கட்டும் நேரத்துப் படம் நாலைந்தைத் திறந்து முழு அளவில் பாருங்கள். கார்டை ஃபோர்மட் பண்ணுவது வீட்டுக்குப் போய் இரண்டாவது எஸ்எஸ்டியிலும் ஏற்றிய பிறகு.