டர்போவைக் கழற்றும் முன் அந்தச் சின்ன ஹோஸைப் பாருங்கள்

சின்ன ஹோஸ் ஓட்டைக்கு டர்போவைக் (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற பாகம்) குறை சொன்ன வண்டி, இந்த மாதத்தில் இது நான்காவது. அதனால்தான் குன்னூர் குளிரில் பட்டறையை மூடிவிட்டுத் தூங்கப் போகாமல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அங்கங்கே சூடு தெறித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோத்தகிரிப் பக்கமிருந்து ஒரு டாக்ஸி அண்ணன் வந்தார். ஏழு வருடம் ஓடிய டீசல் வண்டி. முன்பு மூன்றாவது கியரில் ஏறிய ஏற்றத்துக்கு இப்போது முதல் கியர் கேட்கிறது, மிதித்தால் கரும்புகை, வேகம் ஏறவில்லை. 'மலையில காத்து மெலிசு, அப்படித்தான் இருக்கும்' என்று யாரோ சொன்னதை நம்பி இரண்டு மாதம் ஓட்டியிருக்கிறார். அப்புறம் வேறொரு பட்டறையில் 'டர்போ போயிடுச்சு' என்று சொல்லி 38,000 ரூபாய்க்குப் புதிதாக ஒன்று மாட்டிவிட்டார்கள். வண்டியை வெளியே எடுத்த அன்றே பழைய கதை.

நல்ல வேளை, பழைய டர்போவைச் சாக்கில் சுற்றி டிக்கியில் போட்டு வைத்திருந்தார். எடுத்து விரலால் சுண்டினேன். சத்தமில்லாமல் சுற்றியது. ஷாஃப்ட்டில் ஆட்டமில்லை, இறக்கைகளில் ஒரு கீறல் இல்லை, எண்ணெய்க் கசிவும் இல்லை. அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

கோளாறு எங்கே இருந்தது தெரியுமா? எஞ்சினுக்குப் பின்னால், காற்றை உறிஞ்சுகிற வேக்குவம் பம்ப்பிலிருந்து, அந்த இழுவையால் டர்போவை அசைக்கிற ஆக்சுவேட்டருக்குப் போகிற பென்சில் தடிமன் ரப்பர் ஹோஸில். ஒரு தகர பிராக்கெட்டின் ஓரத்தில் வருடக்கணக்காக உரசி உரசி, அரிசி அளவுக்கு ஒரு ஓட்டை. மேலிருந்து பார்த்தால் தெரியாது. இரண்டடி நீள டீசல் ஹோஸ் ஒன்றை எடுத்து ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையை அந்த வழியெல்லாம் நகர்த்திக்கொண்டே போனேன். பிராக்கெட் பக்கம் வந்ததும் பாம்பு சீறுகிற மாதிரி 'உஸ்ஸ்'. விரலால் அடைத்தேன், ஆக்சுவேட்டர் கம்பி சட்டென்று உள்ளே இழுத்தது. டெஸ்ட் டிரைவுக்கே போக வேண்டியிருக்கவில்லை.

இப்போது அந்த 'மெலிசுக் காத்து' விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஒரு வாக்கியத்தால் நீலகிரியில் எத்தனை வண்டி மாதக்கணக்கில் கெட்டுப்போய் ஓடுகிறது என்று எனக்குத்தான் தெரியும். காற்று மெலிசு என்பது உண்மைதான். ஊட்டி சுமார் 7,350 அடி உயரம், அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கு. டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீதம் பலத்தை இழக்கும், ஆக ஊட்டியில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். பழைய டர்போ இல்லாத ஜீப் வைத்திருப்பவர் புலம்பினால் நியாயம். உங்கள் வண்டியில் டர்போ இருக்கிறதே! அது எதற்கு இருக்கிறது? மெலிசுக் காற்றை அழுத்தி அடர்த்தியாக்கி எஞ்சினுக்குள் தள்ளத்தான். 1918-இல் அமெரிக்காவில் சான்ஃபோர்ட் மாஸ் என்ற பொறியாளர் விமான எஞ்சினுக்கு டர்போவைச் சோதிக்க ஒரு லாரியில் எஞ்சினை ஏற்றிக்கொண்டு பைக்ஸ் பீக் என்கிற 14,000 அடி மலைக்குத்தான் போனார். மலையில் பலம் குறையாமல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் சோதனையே. ஆக, மலையில் டர்போ வண்டி இழுக்காது என்பது மழையில் குடை வேலை செய்யாது என்பது மாதிரி. ஆர்பிஎம் (எஞ்சின் சுற்று வேகம்) ரொம்பக் குறைவாக இருக்கும்போது டர்போ வேகம் பிடிக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போன மாதம் ஏறிய அதே பர்லியார் ஏற்றத்தில் இந்த மாதம் திணறினால், மலை ஒன்றும் ஒரு மாதத்தில் வளர்ந்துவிடவில்லை. எங்கோ ஒழுகுகிறது.

உயரம் ஏமாற்றுகிற இடம் வேறு. இது தொழில்காரர்களுக்கு. பெட்ரோல் எஞ்சின் ஐடிலில் (மிதிக்காமல் சும்மா ஓடும்போது) வேக்குவம் கேஜ், அதாவது எஞ்சின் உறிஞ்சுகிற இழுவையை அளக்கிற கருவி, 17 முதல் 22 இன்ச் (பாதரசம்) காட்ட வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கும், அது சமவெளிக் கணக்கு. ஆயிரம் அடிக்கு ஒரு இன்ச் கழிக்க வேண்டும். ஊட்டியில் 10 முதல் 15 காட்டினால் எஞ்சின் நன்றாகவே இருக்கிறது. இதைத் தெரியாமல் கோயம்புத்தூரில் படித்துவிட்டு வந்த ஒரு தம்பி நல்ல எஞ்சினின் ஹெட்டைக் கழற்றினதை நான் பார்த்திருக்கிறேன். கழற்றினது என் பட்டறையில்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பெட்ரோல் டர்போவில் ஒரே ஓட்டை இரண்டு விதமாக வேலை காட்டும். ஐடிலில் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும், அப்போது ஐடில் ஆடும், வண்டியின் கணினியைப் படிக்கிற ஸ்கேனரில் லீன் (காற்று அதிகம், எரிபொருள் குறைவு) என்கிற பிழைக் குறியீடு, அதாவது 'கோடு' வரும். மிதித்துப் பூஸ்ட் (டர்போ தள்ளுகிற காற்றழுத்தம்) ஏறினால் அதே ஓட்டை வழியாகக் காற்று வெளியே போகும், பிக்கப் போய்விடும். ஐடிலில் பியூவல் டிரிம் (கணினி கூட்டிக் குறைக்கிற எரிபொருள் அளவு) 20 சதவீதம் பக்கம் ஏறி நின்று, 2,500 ஆர்பிஎம்மில் ஒழுங்காக இறங்கி வந்தால் இன்ஜெக்டரைக் கழற்றாதீர்கள், வேக்குவம் லீக்கைத் தேடுங்கள். பி 0299 என்று கோடு வந்தால் 'பூஸ்ட் போதவில்லை' என்றுதான் அர்த்தம், 'டர்போவை மாற்று' என்று அர்த்தமில்லை. ஸ்கேனர் வியாதியின் அறிகுறியைச் சொல்லும், அவ்வளவுதான்.

டீசல்காரர்கள் இதைக் கண்டிப்பாகப் படிக்க வேண்டும். பல டீசல் வண்டிகளில் டர்போவை அசைக்கிற வேக்குவமும் பிரேக் பூஸ்டருக்குப் (கால் அழுத்தத்துக்குக் கைகொடுக்கிற பாகம்) போகிற வேக்குவமும் ஒரே பம்ப்பிலிருந்துதான் வருகின்றன. டாக்ஸி அண்ணனிடம் 'பிரேக் எப்படி இருக்கு?' என்று கேட்டேன். 'அதுவா, குஞ்சப்பனை இறங்கும்போது முதல் ரெண்டு மிதி நல்லா இருக்கும், அப்புறம் பெடல் கல்லு மாதிரி ஆயிடும், புது பேட் போட்டதால இருக்கும்னு விட்டுட்டேன்' என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. பூஸ்டரில் சேமிப்பாக இருக்கிற வேக்குவம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். வளைவுக்கு வளைவு மிதிக்கிற இறக்கத்தில், ஒழுகுகிற ஹோஸை வைத்துக்கொண்டு பம்ப்பால் அதைத் திரும்ப நிரப்ப முடியவில்லை. போதாததற்கு மலையில் வெளிக்காற்றின் அழுத்தமே குறைவு என்பதால் நல்ல பூஸ்டர்கூடச் சமவெளி அளவுக்குக் கைகொடுக்காது. பின்னால் ஆறு பேர் டூரிஸ்டுகளோடு இரண்டு மாதம் இப்படி இறங்கியிருக்கிறார் மனுஷன்.

தயவுசெய்து இதை மட்டும் செய்யுங்கள், ஒரு நிமிடம்கூட ஆகாது. இறக்கத்துக்கு முன் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு பிரேக்கை நாலைந்து தடவை மிதியுங்கள், பெடல் இறுகும். காலை அழுத்தி வைத்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லையா, அடிவாரத்துக் கல்லாறு பக்கம் போகாதீர்கள், பட்டறைக்குப் போங்கள். டீசல் மிச்சம் என்று எஞ்சினை அணைத்து நியூட்ரலில் இறங்குகிறவர்களிடம் எனக்குப் பேச்சே இல்லை. எஞ்சின் நின்றால் பம்ப்பும் நிற்கும். மிச்சம் பிடிக்கிற அந்த ஐம்பது ரூபாயை நானே தருகிறேன், வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

லீக் தேடுகிறேன் என்று ஓடுகிற எஞ்சின்மேல் கார்ப் கிளீனரையும் பெட்ரோலையும் அடிக்கிற வித்தையை வீடியோவில் பார்த்துவிட்டு வருகிறார்கள். டர்போவின் எக்ஸாஸ்ட் பக்கம் செக்கச்செவேல் என்று சூடேறுகிற சமாச்சாரம், அதன் மேல் பெட்ரோலா? வண்டியோடு ஷெட்டும் போகும். எஞ்சினை அணைத்து ஆறவிட்டு, டர்போவில் காற்று நுழைகிற வாயில் ஒரு பிவிசி மூடியை மாட்டி, அதில் டியூப் வால்வு வைத்து, ரெகுலேட்டர் போட்டு மெதுவாகக் காற்று விட்டு, மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவினால் நுரை காட்டிக்கொடுத்துவிடும். 10 பிஎஸ்ஐ தாராளம். பிரீதர் பைப்பை (எஞ்சின் மூச்சு விடுகிற குழாய்) அடைக்காமல் விட்டீர்கள் என்றால் எஞ்சினின் அடிப்பகுதியான கிரேங்க் கேஸுக்குள் காற்று ஏறி ஆயில் சீல் தள்ளிக்கொண்டு வரும், அப்புறம் என்னைத் திட்டக் கூடாது. புகை விட்டு ஓட்டையைக் காட்டுகிற மெஷின் இருக்கிற பட்டறை கிடைத்தால் இந்தக் கூத்தே வேண்டாம்.

வீட்டில் இருப்பவர்கள் பானெட்டைத் திறந்து கண்ணால் பார்த்தாலே பாதி தெரியும். இன்டர்கூலர் (டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கிற பாகம்) பைப் மூட்டில் எண்ணெய் ஈரமும் அதன் மேல் எஸ்டேட் செம்மண்ணும் சேர்ந்து சேறாக ஒட்டியிருந்தால் அங்கே காற்று போகிறது. சும்மா லேசான எண்ணெய்ப் பசைக்குப் பயப்பட வேண்டாம். டிசம்பர், ஜனவரி உறைபனியில் வருடக்கணக்காக வெளியே நிற்கிற வண்டியின் ரப்பர் விறைத்து வெடிக்கும், காலையில் ஒழுகும், எஞ்சின் சூடானதும் ஒட்டிக்கொள்ளும். 'காலையில மட்டும் இழுக்கல' என்று சொன்னால் மெக்கானிக் சிரிக்கக் கூடாது. அப்புறம் எலி. இங்கே அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் தனிக் கட்டுரை ஆகிவிடும்.

ஹோஸுக்கும் கூலிக்கும் சேர்த்து டாக்ஸி அண்ணனுக்கு 650 ரூபாய் ஆனது. அவருடைய பழைய டர்போ இப்போது என் அலமாரியில் இருக்கிறது, விற்றுத் தரச் சொல்லியிருக்கிறார். யாருக்காவது உண்மையிலேயே டர்போ போயிருந்தால் சொல்லுங்கள், சரக்கு நல்ல கண்டிஷன். ஆனால் முதலில் ஹோஸைப் பார்த்துவிட்டுத்தான் தருவேன்.