பள்ளியில் கலரை நிறுத்துவதற்கு முன் அங்குள்ள தண்ணீரைக் குடித்துப் பாருங்கள்

கலரை நிறுத்திவிட்டு நல்ல பானங்கள் விற்கும் இயந்திரம் வைக்க நினைக்கும் பள்ளிகளுக்கு இது. இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் மண்டபம், தொண்டி, சாயல்குடிப் பக்கம் பிள்ளைகள் கலர் என்கிற சர்க்கரைக் குளிர்பானம் குடிப்பதற்கு ஆசை மட்டும் காரணமில்லை. பல இடங்களில் நிலத்தடி நீர் கரிக்கிறது. அதைக் குடிக்கச் சொல்லிவிட்டுக் கலரை மட்டும் நிறுத்தினால், பிள்ளை வாசலைத் தாண்டிப் போய் அதையே வாங்கும். அதனால் பான இயந்திரத்துக்கு ஒதுக்கிய பணத்தில் முதல் பங்கு தண்ணீருக்குப் போகட்டும். தண்ணீரில் கரைந்த உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டினால், உப்பை வடிகட்டும் ஆர்.ஓ. கருவி வையுங்கள். மண்பானையை மட்டும் நம்ப வேண்டாம். கடற்காற்றில் ஈரம் அதிகம். கசியும் நீர் சீக்கிரம் ஆவியாகாது, பானை போதிய அளவு குளிராது.

250 மி.லி. கோலாவில் சர்க்கரை ஏறக்குறைய 26 கிராம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கே நாளுக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது. பள்ளிக்குள்ளும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் சர்க்கரை, உப்பு, கொழுப்பு மிகுந்த பண்டங்களைப் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதியும் இருக்கிறது.

மாற்று என்ற பெயரில் மாம்பழப் பானமோ நன்னாரி சர்பத்தோ வேண்டாம், இரண்டும் சர்க்கரைதான். பதநீர் நம் பனங்காட்டின் பானம், அதன் மேல் எங்களுக்கும் பற்று உண்டு. ஆனால் அதன் இனிப்பும் கோலாவுக்குக் குறைந்ததில்லை. என்றைக்காவது குடிக்கலாம், தினமும் விற்க வேண்டாம். தண்ணீர், மோர், இளநீர் இவை போதும். மோருக்கு ஒரு பங்கு தயிர், மூன்று பங்கு ஆர்.ஓ. தண்ணீர், லிட்டருக்கு அரைத் தேக்கரண்டி உப்பு, இஞ்சி, கறிவேப்பிலை. மீனுக்குப் போடும் பார் ஐஸை உடைத்து அதில் போடவே கூடாது. அது குடிநீரில் செய்ததென்ற உறுதி கிடையாது.

சுருள் கம்பி தள்ளும் இயந்திரத்தில் மோர் பாக்கெட் கீழே விழுந்து உடையும். அதில் புட்டியும் அட்டைப் பெட்டியும்தான் நிற்கும். மோர் விற்பதென்றால் கண்ணாடிக் கதவு ஃபிரிட்ஜே மேல். உள்ளே 5 டிகிரியைத் தாண்டக் கூடாது. நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு பாக்கெட் உப்பியிருந்தால் தயங்காமல் கொட்டிவிடுங்கள்.

இங்கே இயந்திரத்தை முதலில் கெடுப்பது உப்புக் காற்று. வெப்பத்தை வெளியேற்றும் பின்பக்கக் கண்டன்சரின் அலுமினியத் தகடுகள் பொடியாக உதிரும், குளிர்ச்சி குறையும், கம்ப்ரசர் ஓயாமல் ஓடிப் படுத்துவிடும். கடலைப் பார்த்த வராந்தாவில் வைக்காதீர்கள். அரிப்பைத் தடுக்கும் பூச்சுப் பூசிய கண்டன்சராகக் கேட்டு வாங்குங்கள். மாதம் ஒருமுறை, மின் இணைப்பைக் கழற்றிவிட்டு, தகடுகளை நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவிக் காயவிடுங்கள்.

வாசல் பெட்டிக்கடைக்காரரை விரட்ட வேண்டாம், அவருக்கும் பிழைப்பு வேண்டும். பள்ளிக்கான இளநீரை அவரிடமே வாங்குங்கள். அவித்த கடலையும் சுண்டலும் விற்கச் சொல்லுங்கள்.