பிராஸ்பெக்ட்: எதிர்நோக்கு வீரர்

கல்லூரிச் சேர்க்கைக் காலத்தில் ‘பிராஸ்பெக்டஸ்’ என்ற சொல் நம் வீடுகளில் அடிக்கடி அடிபடும். பங்குச் சந்தையில் புதிதாக இறங்கும் நிறுவனமும் பிராஸ்பெக்டஸ் வெளியிட்டாக வேண்டும். இன்னும் நடக்காத ஒன்றை நம்பிப் பணம் கட்டச் சொல்பவை இரண்டும். அந்தச் சொல்லின் உடன்பிறப்புதான் பேஸ்பாலில் வழங்கும் ‘பிராஸ்பெக்ட்’. மேஜர் லீக் எனப்படும் உச்சநிலைப் போட்டியில் இன்னும் காலூன்றாத, ஆனால் ஒருநாள் அங்கே கொடிகட்டிப் பறப்பார் என்று அணியும் ரசிகர்களும் நம்புகிற இளம் வீரரை அமெரிக்காவில் இப்படி அழைக்கிறார்கள்.

சொல்லின் வேர் இலத்தீனில் இருக்கிறது. ‘ப்ரோ’ என்றால் முன்னே. ‘ஸ்பெகெரே’ என்றால் பார்த்தல். இரண்டும் சேர்ந்து முன்னோக்கிப் பார்ப்பதைக் குறித்தன. அதிலிருந்து பிறந்த ‘ப்ரோஸ்பெக்டுஸ்’, கண்ணெதிரே விரியும் காட்சி. 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்த இச்சொல், நிலக்காட்சியிலிருந்து மெல்ல எதிர்காலத்துக்கு நகர்ந்தது. ‘இனி வரக்கூடியது’, ‘எதிர்பார்ப்பு’ என்ற பொருள்களைப் பெற்றது. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் இதுவே வினைச்சொல்லாகி, தாது இருக்கிறதா என்று நிலத்தைத் துழாவுவதைக் குறித்தது. 1848இல் கலிஃபோர்னியாவில் தங்கம் கிடைத்த செய்தி கேட்டு ஓடியவர்களை ‘பிராஸ்பெக்டர்’ என்றார்கள். நம்பிக்கைக்குரிய ஆள் என்ற பொருள் பரவியது 20ஆம் நூற்றாண்டில்.

பேஸ்பாலில் அது வேர்பிடிக்க ஒரு காரணம் உண்டு. அங்கே பள்ளியிலிருந்து நேராக உச்சிக்கு ஏறுபவர்கள் மிக அரிது. 1920களில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் பிராஞ்ச் ரிக்கி, சிறு நகரங்களின் அணிகளைத் தன் பிடிக்குள் கொண்டுவந்து இளைஞர்களை அங்கே வளர்த்தெடுக்கும் ஏற்பாட்டைச் செய்தார். பண்ணை முறை என்றே அதற்குப் பெயர். ‘சிங்கிள் ஏ’, ‘டபுள் ஏ’, ‘டிரிபிள் ஏ’ என்று படிப்படியாக ஏறிவர வேண்டும். பல ஆண்டுகள் பிடிக்கும். இந்தக் காத்திருப்பில்தான் ‘பிராஸ்பெக்ட்’ வாழ்கிறது. தேர்வாளர்கள் ஒவ்வொரு திறமைக்கும் 20 முதல் 80 வரை மதிப்பெண் போடுவார்கள். 50 என்றால் மேஜர் லீக் சராசரி. 1965இல் அணிகள் ஒன்றன்பின் ஒன்றாக இளம் வீரர்களை எடுத்துக்கொள்ளும் ‘டிராஃப்ட்’ என்ற முறைப்படியான வீரர் தேர்வு தொடங்கியது. 1990 முதல் ‘பேஸ்பால் அமெரிக்கா’ இதழ் ஆண்டுதோறும் முதல் நூறு பேரை வரிசைப்படுத்தி வெளியிட்டுவருகிறது. நம்பிக்கைக்கு வரிசை எண் கிடைத்த பிறகு ரசிகர்களைக் கேட்க வேண்டுமா? விளையாடாத வீரர்களைப் பற்றியே ஆண்டு முழுவதும் வாதிட ஆரம்பித்துவிட்டார்கள்.

இந்தச் சொல்லின் கனத்தை உணர டேவிட் கிளைடைப் பார்த்தால் போதும். ஹூஸ்டனில் பள்ளிப் படிப்பை முடித்த இடக்கைப் பந்தெறிபவர். 1973 டிராஃப்டில் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அணி முதல் ஆளாக இவரைத் தேர்ந்தெடுத்தது. அரங்கு காலியாகக் கிடந்த அணி அது. உரிமையாளருக்கு டிக்கெட் விற்க வேண்டியிருந்தது. பண்ணைக்கே அனுப்பாமல், அந்த ஜூன் 27 அன்று 18 வயதுப் பையனை மேஜர் லீக் ஆட்டத்தில் இறக்கினார்கள். அரங்கம் நிரம்பி வழிந்தது. ஐந்து இன்னிங்ஸில் ஒரே ஒரு ஹிட் (பந்தை அடித்துத் தளம் சேர்தல்) கொடுத்து, எட்டுப் பேரை ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றுதல்) செய்து, கிளைடு வென்றார். ஆனால் அதே ஆட்டத்தில் ஏழு பேருக்கு இலவச நடையும் கொடுத்திருந்தார்; நான்கு பந்துகள் குறிதவறினால் மட்டையாளர் அடிக்காமலே தளம் சேர்வதுதான் அது. கட்டுப்பாடு இன்னும் கைவரவில்லை என்பதை அந்த ஏழும் சொல்லின, கேட்கத்தான் ஆளில்லை. 1979உடன் மேஜர் லீக் வாழ்க்கை முடிந்தது; பந்தெறிபவர் பெயரில் எழுதப்படும் கணக்கில் வெற்றி 18, தோல்வி 33. பையனைக் கெடுத்தது அவசரம் என்றே நான் சொல்வேன்.

அதற்கு முன் 1966இல் நியூயார்க் மெட்ஸ் முதல் வாய்ப்பில் ஸ்டீவ் சில்காட் என்ற கேட்சரை, அதாவது மட்டையாளருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிப்பவரை, எடுத்தது. தோள்பட்டைக் காயம் அவரை மேஜர் லீக் பக்கமே போகவிடவில்லை. இரண்டாவதாக எடுக்கப்பட்டவர் ரெஜி ஜாக்சன். 563 ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் போன்றது) அடித்தவர். மெட்ஸ் ரசிகர்களிடம் இந்தப் பேச்சை எடுக்காமல் இருப்பது நல்லது.

1991இல் நியூயார்க் யாங்கீஸ் 15.5 லட்சம் டாலர் கொடுத்து பிரையன் டெய்லரை ஒப்பந்தம் செய்தது. வட கரோலினாவின் கடலோர ஊரிலிருந்து வந்த இடக்கைப் பந்தெறிபவர். 1993 டிசம்பரில் சகோதரனுக்காக ஒரு கைகலப்பில் இறங்கியபோது இடத்தோள் சிதைந்தது. மேஜர் லீக்கில் ஒரு பந்துகூட வீசவில்லை. ‘பேஸ்பால் அமெரிக்கா’ பட்டியலின் முதல் மூன்று ஆண்டுகளில் முதலிடம் பெற்றவர்கள் ஸ்டீவ் ஏவரி, டாட் வான் பாப்பல், டெய்லர். மூவரும் பந்தெறிபவர்கள். ஏவரிக்குச் சில நல்ல ஆண்டுகள் வாய்த்தன. வான் பாப்பல் 40 வெற்றி, 52 தோல்வியோடு ஓய்ந்தார். நான்காம் ஆண்டு முதலிடம் மட்டையாளர் சிப்பர் ஜோன்ஸுக்கு. அவர் பேஸ்பாலின் தலைசிறந்தவர்களுக்கான புகழ்மண்டபம் வரை போனார். ‘பந்தெறிபவர்களில் பிராஸ்பெக்ட் என்று எவரும் இல்லை’ என்று ஆய்வாளர்கள் அலுத்துக்கொள்வதில் நியாயம் இல்லாமலில்லை.

தலைகீழாகவும் நடக்கும். மைக் பியாட்சாவை 1988 டிராஃப்டின் 62ஆம் சுற்றில் எடுத்தார்கள். அவரை யாரும் பிராஸ்பெக்டாக நினைக்கவில்லை. 2016இல் அவரும் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றார்.

பேஸ்பால்காரர்களிடம் ஒரு குறும்பு வழக்கு உண்டு: இன்றைய பிராஸ்பெக்ட், நாளைய ‘சஸ்பெக்ட்’. சந்தேகத்துக்குரியவர் என்று பொருள்படும் அந்தச் சொல்லும் இதே ‘ஸ்பெகெரே’யிலிருந்து வந்ததுதான். ‘சப்’ என்றால் கீழே, கீழ்க்கண்ணால் பார்ப்பது. ஆள் அவரே; பார்க்கிற கண்தான் வேறு.

தமிழில் எப்படிச் சொல்வது? விளையாட்டுப் பக்கங்கள் ‘வருங்கால நட்சத்திரம்’, ‘நம்பிக்கை நட்சத்திரம்’ என்று எழுதிவிடுகின்றன. காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வராத நட்சத்திரத்தை வந்ததாகவே எழுதிவைக்கும் தொடர்கள் இவை. கிளைடை ‘வருங்கால நட்சத்திரம்’ என்றால் அது தவறான தகவல். ‘இளம் வீரர்’, ‘வளரும் வீரர்’ என்பவை பண்ணையில் இருக்கும் அத்தனை பேருக்கும் பொருந்தும். கல்யாணச் சந்தையில் ‘வரன்’ என்ற சொல் இந்த வேலையைக் கச்சிதமாகச் செய்கிறது. இன்னும் மாப்பிள்ளை ஆகாத, ஆகக்கூடியவர். அதை ஆடுகளத்துக்கு இழுத்துவந்தால் சிரிப்பார்கள்.

என் தேர்வு ‘எதிர்நோக்கு வீரர்’. எதிர் + நோக்கு, இலத்தீன் மூலத்துக்கு அச்சொட்டான இணை. எதிர்நோக்குபவர் வீரரா, ரசிகரா என்று கேட்கலாம். குடிநீர் குடிக்குமா, குடிக்கப்படுமா என்று யாரும் குழம்புவதில்லை. வினைத்தொகைக்கு அந்தச் சலுகை உண்டு. ‘டாப் பிராஸ்பெக்ட்’ என்றால் முதன்மை எதிர்நோக்கு வீரர்.

எதிர்பார்த்தபடி வளராதவரை ஆங்கிலத்தில் ‘பஸ்ட்’ என்பார்கள். உடைந்துபோனது என்று பொருள். ‘ஏமாற்றியவர்’ என்று தமிழில் எழுதினால் பழி வீரர்மேல் விழுகிறது. மழை பொய்த்தது என்கிறோமே, அந்த வினையே இங்கே போதும். ‘டெய்லர்மேல் வைத்த எதிர்பார்ப்பு பொய்த்தது.’ தோள் சிதைந்தவருக்கு இதைவிட நேர்மையான வாக்கியம் கிடைக்காது.

இந்தப் பட்டத்துக்குக் காலாவதியும் உண்டு. மட்டையாளர் மேஜர் லீக்கில் 130 முறைக்கு மேல் மட்டை பிடித்தால், பந்தெறிபவர் 50 இன்னிங்ஸைத் தாண்டினால், பட்டியலிலிருந்து பெயர் நீங்கும். 2013 டிராஃப்டின் முதல் வீரரான மார்க் அப்பல் 2018இல் ஆட்டத்தை விட்டு விலகி, 2021இல் திரும்பி, 2022 ஜூனில் தன் 30ஆம் வயதில் ஃபிலடெல்ஃபியா ஃபில்லீஸ் அணிக்காக முதன்முறை மேஜர் லீக்கில் பந்தெறியும் மேட்டில் ஏறினார். வீசியது 10 இன்னிங்ஸ் சொச்சம். அந்தக் கணக்குப்படி அவர் கடைசிவரை எதிர்நோக்கு வீரர்தான்.