கடவுச்சொல் கேட்காமல் திறக்கும் கணினி: உள்ளே நடப்பது என்ன?

வீட்டுக் கணினியைப் போட்டதும் வரும் கடவுச்சொல் திரையை நிறுத்துவது ஐந்து நிமிட வேலை. எதை மாற்றுகிறோம் என்று தெரியாமல் மாற்றுவதால்தான், அடுத்த நாள் 'பெயரோ கடவுச்சொல்லோ பிழை' என்ற செய்தியோடு அதே திரை திரும்பி வந்து நிற்கிறது.

கொழும்பில் இந்தத் தேவை அடிக்கடி வரும். வெள்ளவத்தை மாடிவீட்டில் தனியாக இருக்கும் பெற்றோர், ரொறன்ரோவிலோ லண்டனிலோ உள்ள பிள்ளைகளோடு பேசுவதற்கு மட்டும் கணினியைப் போடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் கடவுச்சொல்லை நினைவுபடுத்துவது அவர்களுக்கு வீண் தொல்லை. இன்னொரு காரணம் மின்தடை. 2025 பெப்ரவரி 9 அன்று நாடே இருண்டபோது, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மாட்டியதுதான் காரணம் என்றார் மின்சக்தி அமைச்சர். அப்படியொரு தடை நீங்கியதும், விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அடிப்படை நிரலான பயோஸில் 'ரெஸ்டோர் ஏசி பவர் லொஸ்' என்ற தெரிவைப் போட்டிருந்தால் கணினி தானே எழும்பிவிடும். ஆனால் கடவுச்சொல் திரையில் நின்றுவிடும். விண்டோஸின் பின்னணிச் சேவைகள் அந்தத் திரைக்கு முன்பே தொடங்கிவிடும்; ஸ்டார்ட்அப் பட்டியலில் உள்ள சிசிடிவி மென்பொருள், வட்ஸ்அப் போன்றவை யாராவது உள்நுழைந்த பிறகுதான் தொடங்கும்.

மூன்றாவது காரணம் தமிழ் எழுதுபவர்களுக்கே உரியது. சரியான கடவுச்சொல்லைத்தான் அடிக்கிறோம், கணினி பிழை என்கிறது. இப்படி நடந்தால் திரையின் வலப்பக்கக் கீழ்மூலையில் எந்த மொழி காட்டுகிறது என்று பாருங்கள். ரெங்கநாதன் அல்லது தமிழ்99 விசைப்பலகை அங்கே தெரிவாகி இருந்தால், ஆங்கில எழுத்தென்று நினைத்து அடிப்பது தமிழ் எழுத்தாக விழுகிறது. புள்ளிகளாகத் தெரிவதால் நமக்குப் புரிவதில்லை. விண்டோஸ் விசையையும் ஸ்பேஸ் விசையையும் சேர்த்து அழுத்தி ஆங்கிலத்துக்கு மாற்றி, பெட்டியின் ஓரத்தில் உள்ள கண் அடையாளத்தை அழுத்திப் பார்த்தால் தெளிவாகிவிடும். இதுதான் பிரச்சினை என்றால் திரையை எடுக்கத் தேவையே இல்லை.

சரி, எடுக்கத்தான் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். விண்டோஸில் உள்நுழைவைக் கவனிப்பது வின்லொகன் என்ற நிரல். அது லொகன்யூஐ என்ற இன்னொரு நிரலைக் கொண்டு திரையை வரைகிறது. நாம் அடித்த கடவுச்சொல் எல்சாஸ் என்ற பாதுகாப்பு நிரலிடம் போகிறது. எல்சாஸ் அதைக் கணிதமுறையில் ஹேஷ் எனப்படும் ஒரு குறியீடாக மாற்றி, வட்டில் ஏற்கனவே சேமித்திருக்கும் ஹேஷோடு ஒப்பிடுகிறது. பொருந்தினால் பயனருக்கு ஒரு டோக்கன் பிறக்கிறது. எந்தக் கோப்பைத் திறக்கலாம், எதை மாற்றலாம் என்ற உரிமைகள் எல்லாம் அதில்தான் இருக்கும். அதன் பிறகே டெஸ்க்டொப் எழும்பும்.

கடவுச்சொல் திரையை 'எடுப்பது' என்று சொன்னாலும் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியும் அறுவதில்லை. யாருடைய பெயரிலாவது டோக்கன் இல்லாமல் டெஸ்க்டொப் வராது. எனவே நடப்பது இதுதான்: நாம் ஒருமுறை சொல்லிக் கொடுத்த கடவுச்சொல்லைக் கணினி ஒளித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் நமக்குப் பதிலாகத் தானே கொடுத்துக்கொள்கிறது. ஹேஷிலிருந்து கடவுச்சொல்லைத் திருப்பி எடுக்க முடியாது. ஆகவே மீட்டெடுக்கக்கூடிய வடிவில் கடவுச்சொல்லே வட்டில் எங்கோ இருந்தாக வேண்டும். எங்கே, எப்படி இருக்கிறது என்பதில்தான் நல்ல முறைக்கும் மோசமான முறைக்கும் வித்தியாசம்.

நல்ல முறை விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் நெட்பிள்விஸ் என்று அடியுங்கள்: என், இ, ரி, பி, எல், டபிள்யூ, ஐ, இசெட், ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் எட்டு எழுத்துகள். கணக்குகளின் பட்டியல் வரும். தானாகத் திறக்க வேண்டிய கணக்கைத் தெரிவு செய்து, மேலே 'இந்தக் கணினியைப் பாவிக்கப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தரவேண்டும்' என்ற பொருளில் உள்ள வரியின் டிக் அடையாளத்தை எடுத்துவிட்டு, அப்ளை அழுத்துங்கள். கடவுச்சொல்லை இரண்டு தரம் கேட்கும். கொடுத்து ஓகே சொன்னால் முடிந்தது. கடவுச்சொல் எல்எஸ்ஏ ரகசியம் எனப்படும் குறியாக்கப்பட்ட பகுதிக்குள் போய் உட்காரும். மைக்ரோசொப்டின் சிஸ்இன்டேர்னல்ஸ் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கும் ஓட்டோலொகன் என்ற சிறு கருவியும் இதையே செய்கிறது.

அந்த டிக் பெட்டியே பலருக்குக் கண்ணில் படாது. 2020 மே மாதம் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து இந்தத் தொல்லை உண்டு. செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ், அதற்குள் சைன்-இன் ஒப்ஷன்ஸ் போனால், மைக்ரோசொப்ட் கணக்குகளுக்கு விண்டோஸ் ஹெலோ (பின் இலக்கம், முகம், விரல்ரேகை) வழி மட்டும் அனுமதி என்ற பொருளில் ஒரு சுவிட்ச் இருக்கும். அது ஒன் ஆக இருக்கும்வரை பெட்டி மறைந்தே இருக்கும். அதை ஓஃப் செய்து, நெட்பிள்விஸ் சாளரத்தை மூடித் திரும்பத் திறந்தால் பெட்டி வந்துவிடும்.

அடுத்த சிக்கல் பின் இலக்கம். தினமும் நாலு இலக்கத்தை அடித்து உள்ளே போய்ப் பழகியவர்கள், நெட்பிள்விஸ் கடவுச்சொல் கேட்கும்போதும் அதே நாலு இலக்கத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். பின் என்பது கடவுச்சொல் அல்ல. அது அந்த ஒரு கணினிக்கு மட்டுமே சொந்தமானது. மதர்போர்டில் உள்ள டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்போடு பிணைக்கப்பட்டது. இங்கே வேண்டியது மைக்ரோசொப்ட் கணக்கின் உண்மையான கடவுச்சொல், அதாவது இணையத்தில் மைக்ரோசொப்ட் மின்னஞ்சலைத் திறக்கக் கொடுப்பது. நெட்பிள்விஸ் நாம் அடித்தது சரியா பிழையா என்று அந்த இடத்தில் சரிபார்ப்பதும் இல்லை. இரண்டு பெட்டிகளும் ஒன்றுபோல் இருந்தால் போதும், வாங்கி வைத்துக்கொள்ளும். பிழை அடுத்த முறை போடும்போதுதான் தெரியவரும். கைபேசியிலோ இன்னொரு கணினியிலோ மைக்ரோசொப்ட் கடவுச்சொல்லை மாற்றினாலும் இதே கதிதான்: ஒளித்து வைத்தது பழையது, கேட்பது புதியது. நெட்பிள்விஸில் டிக்கைப் போட்டு, திரும்ப எடுத்து, புதியதைக் கொடுக்க வேண்டும். கடவுச்சொல்லே வைக்காத மைக்ரோசொப்ட் கணக்கு என்றால் ஒளித்து வைக்க எதுவும் இல்லை. அவர்களுக்கு, அந்தக் கணினியில் மட்டும் உள்ள லோக்கல் கணக்கு ஒன்றுதான் வழி.

கணினியின் பெயரை மாற்றிய பிறகு, உள்நுழைவுத் திரையில் ஒரே ஆள் இரண்டு தரம் தெரிவதும் உண்டு. தானியங்கி உள்நுழைவு பழைய கணினிப் பெயரோடு கணக்கைத் தேடுவதே காரணம். இதற்கும் அதே மருந்து, டிக்கைப் போட்டு எடுப்பது.

மோசமான முறை, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரி வழி. வின்லொகன் கிளைக்குள் போய், ஓட்டோஅட்மின்லொகன் என்பதற்கு 1 கொடுத்து, டிஃபோல்ட்பாஸ்வேர்ட் என்ற பெயரில் கடவுச்சொல்லை எழுதச் சொல்லும் காணொளிகள் ஏராளம். வேலை செய்யும், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் கடவுச்சொல் அங்கே வெறும் எழுத்தாகக் கிடக்கிறது. அந்தக் கணினியில் உள்நுழைந்த எந்தக் கணக்கும், அட்மின் (நிர்வாகி) அல்லாததும்கூட, திறந்து வாசிக்கலாம். எல்எஸ்ஏ ரகசியத்தை எடுக்க அட்மின் உரிமையாவது வேண்டும். அதே மைக்ரோசொப்ட் கடவுச்சொல்லில்தான் மின்னஞ்சலும் வன்டிரைவ் படங்களும் இருக்கின்றன என்பதை நினைத்தால், இந்த வழியைப் பரிந்துரைப்பவர்களை மன்னிக்க மனம் வராது.

லோக்கல் கணக்கு மட்டும் பாவிப்பவர்களுக்கு இன்னும் எளிய வழி உண்டு: கடவுச்சொல்லை வெறுமையாக்குவது. சைன்-இன் ஒப்ஷன்ஸில் முதலில் பின்னை நீக்கிவிட்டு, கடவுச்சொல்லை மாற்றும் இடத்தில் பழையதைக் கொடுத்து, புதியதற்கான பெட்டிகளை நிரப்பாமல் விடவேண்டும். கணினியில் இருப்பது அந்த ஒரு கணக்கு மட்டும் என்றால், திரை கேட்காமல் திறந்துவிடும். கேட்க ஆபத்தாகத் தோன்றினாலும், வெறுமையான கடவுச்சொல் உள்ள கணக்கை விண்டோஸ் வலையமைப்பு வழியாக உள்ளே விடாது. விசைப்பலகைக்கு முன்னால் இருந்தால்தான் முடியும். திருட ஒரு கடவுச்சொல்லும் அங்கே இல்லை. பக்கவிளைவாக, வீட்டில் இன்னொரு கணினியிலிருந்து இதன் பகிர்ந்த கோப்புறைக்குள் அந்தக் கணக்கால் நுழைய முடியாமல் போகும். ஒரு எச்சரிக்கை: வேறொரு அட்மின் கணக்கிலிருந்து 'ரீசெட் பாஸ்வேர்ட்' அழுத்தி இதைச் செய்யாதீர்கள். குரோம் சேமித்த கடவுச்சொற்கள் போன்றவை பயனரின் கடவுச்சொல்லிலிருந்து உருவாகும் சாவியால் பூட்டப்பட்டவை. முறைப்படி மாற்றினால் விண்டோஸ் பழையதால் திறந்து புதியதால் பூட்டிக்கொள்ளும்; ரீசெட் செய்தால் பழைய சாவி தொலைந்து அவை கைவிட்டுப் போகும்.

உபுண்டு லினக்ஸ் இந்த இடத்தில் வேறு மாதிரி. அங்கே தானியங்கி உள்நுழைவுக்குக் கடவுச்சொல் எங்கும் சேமிக்கப்படுவதில்லை. ரூட் எனப்படும் முழு உரிமையில் இயங்கும் ஜிடிஎம் என்ற உள்நுழைவு நிரல், குறித்த பயனரின் பெயரில் நேரடியாகவே அமர்வைத் தொடங்கிவிடும். அதற்கான விலை டெஸ்க்டொப் வந்தபிறகு தெரியும்: கீரிங் திறக்கப்படவில்லை, கடவுச்சொல்லைக் கொடு என்று ஒரு பெட்டி எழும்பும். சேமித்த கடவுச்சொற்கள் இருக்கும் கீரிங், உள்நுழைவுக் கடவுச்சொல்லால் குறியாக்கப்பட்டிருக்கிறது, அதையோ யாரும் அடிக்கவில்லை. ஆப்பிள் மேக்கில் ஃபைல்வோல்ட் குறியாக்கம் ஒன் ஆக இருந்தால் தானியங்கி உள்நுழைவே கிடைக்காது. ஓஃப் ஆக இருந்தால் யூசர்ஸ் அன்ட் குரூப்ஸ் பகுதியில் ஒரு தெரிவுதான்.

எல்லாம் சரியாகச் செய்தும், மதியம் தூங்கி எழும்பி மூடியைத் திறந்தால் மடிக்கணினி மறுபடி கடவுச்சொல் கேட்கிறது என்பார்கள். போடும்போது கேட்பதும் உறக்கத்திலிருந்து எழும்பும்போது கேட்பதும் வெவ்வேறு அமைப்புகள். சைன்-இன் ஒப்ஷன்ஸில், விலகிப் போனால் எப்போது திரும்பக் கேட்பது என்ற வரியை 'நெவர்' ஆக்க வேண்டும். ஸ்க்ரீன்சேவர் அமைப்பிலும் இதேபோல் ஒரு டிக் உண்டு.

திருட்டைப் பற்றிய கணக்கு பலர் நினைப்பதுபோல் அல்ல. வட்டு குறியாக்கம் செய்யப்படவில்லை என்றால், கடவுச்சொல் திரை இருந்தும் பெரிய பயன் இல்லை. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் வாங்கக்கூடிய ஒரு யூஎஸ்பி உறைக்குள் வட்டைப் போட்டு வேறு கணினியில் செருகினால் கோப்புகள் தெரியும். விண்டோஸின் வட்டுக் குறியாக்கமான பிட்லொக்கரோ டிவைஸ் என்கிரிப்ஷனோ ஒன் ஆக இருந்தால் நிலைமை தலைகீழ். டிபிஎம் சிப் வட்டைத் தானே திறந்துவிடுவதால், மிஞ்சியிருக்கும் ஒரே தடை கடவுச்சொல் திரைதான். அதையும் எடுத்தால், வட்டைக் கழற்றி எடுப்பவனுக்குத்தான் குறியாக்கம் தடை. முழு மடிக்கணினியையும் தூக்கிப் போனவன் போட்டவுடன் உள்ளே. ஆகவே வெளியே கொண்டு திரியும் மடிக்கணினியில் இதைச் செய்யக்கூடாது. வரவேற்பறை மேசைக் கணினியில் செய்யலாம்.

அங்கேயும் சிறந்த ஏற்பாடு, தானாகத் திறப்பதற்கென்றே அட்மின் உரிமை இல்லாத ஒரு லோக்கல் கணக்கை உருவாக்கி, அதற்கு வேறெங்கும் பாவிக்காத ஒரு கடவுச்சொல்லைக் கொடுத்து, நெட்பிள்விஸில் அதைத் தெரிவு செய்வது. வங்கி வேலை, மின்னஞ்சல், காணி உறுதிப் பத்திரங்களின் ஸ்கேன் எல்லாம் கடவுச்சொல் உள்ள இன்னொரு கணக்கில் இருக்கட்டும். ஒளித்து வைத்த கடவுச்சொல்லை யாராவது தோண்டி எடுத்தாலும், அதைக் கொண்டு வேறொன்றையும் திறக்க முடியாது. மற்றக் கணக்குக்குப் போக ஸ்டார்ட் மெனுவில் பயனர் படத்தை அழுத்தினால் போதும். தொடக்கத்திலேயே போக வேண்டுமென்றால், கணினி எழும்பும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்திருங்கள், தானியங்கி உள்நுழைவு அந்த ஒரு தரம் விலகிக்கொள்ளும்.

கணினியைத் திருத்தவோ விற்கவோ கொடுக்குமுன் நெட்பிள்விஸில் டிக்கைத் திரும்பப் போடுங்கள். அதோடு நிற்காமல் அந்தக் கணக்கின் கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள். வட்டில் ஏதாவது மிஞ்சியிருந்தாலும் அது பழையதாகவே இருக்கும்.