கண்ணாடி கெடவில்லை, ஈயம்தான் தளர்ந்தது

நாகப்பட்டினம் பக்கம் பழைய மாதா கோயில் ஒன்றுக்குச் சாயங்காலம் போனால், வண்ணக் கண்ணாடிச் சன்னலின் சிவப்பும் நீலமும் தரையில் விழுந்து கிடக்கும். அதே சன்னலைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள், நடுவில் தொப்பை போட்டிருக்கும். கண்ணாடி காலப்போக்கில் வழிந்து இறங்கும் என்பார்கள். கட்டுக்கதை. தளர்ந்தது அதைப் பிடித்திருக்கும் ஈயம்.

ஈயம் என்றதும் ரசம் வைக்கிற கும்பகோணத்து ஈயச்சொம்பு ஞாபகம் வரும். அது வெள்ளீயம், இது காரீயம், நஞ்சு, கை கழுவாமல் சாப்பிடக்கூடாது. கண்ணாடித் துண்டுகளை எச் எழுத்து வடிவக் காரீயப் பட்டைகளில் செருகி, பட்டைகள் சேருமிடத்தில் பற்றவைத்து, இடுக்கில் ஆளிவிதை எண்ணெயும் சுண்ணாம்புக்கல் மாவும் பிசைந்த லப்பத்தை அடைப்பார்கள். வெயிலில் காரீயம் கண்ணாடியைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு விரியும், ராத்திரி சுருங்கும். நூறு வருஷம் தினமும் இதே வேலை என்றால் பட்டை களைத்து, பற்றுவைத்த இடத்தை ஒட்டி விரிசல் விடும், லப்பம் உதிரும்.

கடலோரத்தில் அதைவிட மோசம் இரும்பு. சன்னலைத் தாங்கக் குறுக்கே போட்ட இரும்புக் கம்பி உப்புக்காற்றிலும் ஐப்பசி அடைமழையிலும் துருப்பிடித்து உப்பி, அது செருகியிருக்கும் சுவரையே பிளக்கும்.

சரி, எப்படிப் பழுது பார்ப்பது? கழற்றும் முன் மேலே தாளை விரித்துக் கரியால் தேய்த்து ஈயக்கோடுகளைப் பிரதி எடுப்பார்கள், துண்டுக்குத் துண்டு எண் போடுவார்கள். கண்ணாடியில் விழுந்த விரிசலில் எப்பாக்சி பசையைச் சொட்டுச் சொட்டாக விட்டால் தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒளியை வளைப்பதில் அந்தப் பசை கண்ணாடிக்கு மிக நெருக்கம் என்பதால் கோடு கண்ணுக்குத் தெரியாமல் போகும். துடைப்பதில்தான் பயம். மாதாவின் முகமும் துணி மடிப்பும் கண்ணாடித் தூளில் இரும்பு ஆக்சைடு கலந்து தீட்டி, 600 டிகிரிக்கு மேல் சுட்ட வண்ணம், சரியாகச் சுடாததென்றால் தேய்த்தாலே வந்துவிடும். கடையில் விற்கும் கண்ணாடி துடைக்கும் திரவம் கூடவே கூடாது. உப்பு நீக்கிய தண்ணீரில் நனைத்த பஞ்சை மெல்ல உருட்டி எடுப்பார்கள், அதுவும் வண்ணம் ஒட்டியிருக்கிறதா என்று சோதித்த பிறகு.

நான் பார்த்த ஒரு கோயிலில் புயலுக்குப் பயந்து வெளிப்புறம் பிளாஸ்டிக் ஷீட் அடித்து, நாலு பக்கமும் சிலிகான் பூசி அடைத்துவிட்டிருந்தார்கள். உள்ளே வியர்த்து நீர் கோத்திருந்தது, சித்திரையில் சூளைதான். எடுத்துவிடுங்கள் என்றேன். 2018 நவம்பரில் கஜா அடித்ததே, மறுபடி வந்தால் நீங்களா பொறுப்பு என்றார்கள். நியாயம்தான். அப்படியென்றால் ஷீட் இருக்கட்டும், மேலேயும் கீழேயும் காற்றுப் போக வழி விடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.